மாஸ்டரின் வாய்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரை அவருடைய வாய்க்காகவே தேடி வந்தவர்கள் உண்டு. அதே தெருவில் இன்னும் இரண்டு டிரைவிங் ஸ்கூல்கள் இருந்தன. வண்டிகளும் அங்கே புதிது. ஆனாலும் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்கள், வீட்டுக்காரரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் அழுதுகொண்டு திரும்பிய பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆசை வந்த பெரியவர்கள் எல்லாரும் இவரைத்தான் கேட்டு வருவார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தைத் தளர்வாக வைத்துக்கொண்டு மாஸ்டர் ஆரம்பிப்பார்.

"கிளட்ச்ச டக்குனு விடாதீங்க. தூங்குற குழந்தைய தொட்டில்ல போடுற மாதிரி, மெதுவா."

"கண்ணாடியில முகம் பார்த்தது போதும். பின்னாடி லாரிக்காரன் வரான், அவனையும் கொஞ்சம் பாருங்க, பாவம்."

சிரித்து முடிப்பதற்குள் வண்டி சந்தையடியைத் தாண்டியிருக்கும். பயப்பட நேரமே கிடைத்திருக்காது.

அவர் மனைவியும் அப்படி வந்து சேர்ந்தவள்தான். தம்பி கூட்டிக்கொண்டு வந்து விட்டான். எதிரே கோழி வந்தாலும் பிரேக், காற்றில் காகிதம் பறந்தாலும் பிரேக். "உங்களுக்கு லைசென்ஸ் கிடைக்குதோ இல்லையோ, எனக்கு நெத்தியில கொம்பு முளைக்கப் போகுது" என்றார் மாஸ்டர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிரேக்கு. கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளுக்கு வந்த பிறகும் அவள் பிரேக்குதான். வெளியாட்கள் இருந்தால் மட்டும் மரியாதைக்கு ஓர் 'அம்மா' சேர்ந்துகொள்ளும்.

பிரேக்கம்மா புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கத் தாளை மடித்து, ஊசி கோத்துத் தைத்து, பசை தடவும் வேலை. பேச ஆளில்லாத வேலை. வீட்டுக்கு வந்தால் அவர் அன்றைக்கு யார் யாருக்கு என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். "அந்த வாய்க்கு ஒரு ஹேண்ட் பிரேக் இருந்தா நல்லாருக்கும்" என்று அவள் அலுத்துக்கொள்வாள். சும்மா சொன்னதுதான். பிற்பாடு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

நோய் நாக்கில்தான் முதலில் பிடித்தது. 'லெஃப்ட்' என்று சொல்ல நினைத்தால் 'எஃப்' என்று வந்தது. காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று ஒருத்தர் முதலாளியிடம் புகார் சொன்னார். மாஸ்டர் அதையும் சிரித்துக்கொண்டுதான் வீட்டில் சொன்னார். பிறகு ஒரு நாள் பயிற்சிக்கு வந்த பெண் சிக்னலைக் கவனிக்காமல் போய்க்கொண்டே இருக்க, 'நிறுத்துங்க' என்ற சொல் அவர் வாயில் உருண்டதே தவிர வெளியே வரவில்லை. கால்தான் வண்டியை நிறுத்தியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு மாஸ்டர் சாவியைக் கொண்டுபோய் முதலாளி மேஜையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நரம்பு ஒவ்வொன்றாகச் சாகிற நோய். மருந்து கிடையாது. பேச்சு போகும், கை போகும், கால் போகும், கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் அப்படியே இருக்கும். "அது ஒண்ணாவது தெளிவா இருக்கேன்னு சந்தோஷப்பட்டுக்கணும்" என்றார் உறவுக்காரர் ஒருவர். பிரேக்கம்மாவுக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

பேச்சு முழுதாக நின்றபோது, மறுவாழ்வு மையத்திலிருந்து ஒரு கருவியைக் கொடுத்தார்கள். சிலேட்டு மாதிரி இருந்தது. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள். தொட்டால் அது பேசும். கைக்கு இன்னும் கொஞ்சம் வலு இருந்த காலம் அது. மாஸ்டர் ஆசையாக மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டத்தைத் தொட்டார்.

"எனக்குத் தாகமாக இருக்கிறது. தயவுசெய்து நீர் தாருங்கள்" என்றது கருவி, வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அடுத்ததைத் தொட்டார். "என் மனைவியை அழையுங்கள்."

பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த பிரேக்கம்மா, "யாருங்க அது, உங்க மனைவி? எனக்குத் தெரியாம?" என்றாள். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு மட்டும் தொண்டையில் ஒரு கரகரப்பாக மிஞ்சியிருந்தது.

சிரிப்பு அன்றோடு சரி. அதில் இருந்ததெல்லாம் வேண்டும், தாருங்கள், நன்றி. ஒரு கிண்டல் இல்லை, ஒரு வசவு இல்லை, சும்மா ஒரு 'ம்க்கும்' இல்லை. எழுத்து எழுத்தாகத் தட்டிப் பேசவும் வழி இருந்தது. ஆனால் 'வந்துட்டியா' என்று தட்டினால் அது தானாகத் திருத்தி, 'வந்துவிட்டாயா' என்று கேட்டது. பள்ளியிலிருந்து திரும்பிய மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா, ப்ளீஸ், அது வேணாம்ப்பா. யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாஸ்டர் கருவியைக் கவிழ்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு பிரேக்கம்மாதான் அவருக்கு வாய். புருவம் உயர்ந்தால் தண்ணீர். தலை சாய்ந்தால் முதுகு வலி. அட்டையில் எழுத்துகளை எழுதி வைத்துக்கொண்டு அவர் ஒரு எழுத்தைக் காட்டும்போதே முழு வாக்கியத்தையும் சொல்லிவிடுவாள். வந்தவர்கள் அவரிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். "அவருக்கு இப்ப தூக்கம் வருது." "அவருக்கு இந்தச் சத்தம் பிடிக்காது." சில நேரம் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். வலி என்று நினைத்து அவள் மாத்திரை கொடுப்பாள்.

கருவியை ஏன் பயன்படுத்துவதில்லை என்று பார்க்க மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இந்தக் கருவிகளை வடிவமைக்கிறவர்களில் ஒருத்தி. அந்த வீட்டில் அவளுக்கு மிஷின் பொண்ணு என்று பெயர் விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மாஸ்டர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தாள். "சார், நீங்க ப... ப..."

"பயன்படுத்துறதே இல்லையான்னு கேக்கறியாம்மா? எங்கம்மா, அவருக்கு அது ஒத்துவரல" என்றாள் பிரேக்கம்மா.

அந்தப் பெண் பொறுமையாக மூச்சு இழுத்துக்கொண்டாள். "பழைய வேலையப் பத்திச் சொ... சொல்லுங்கன்னு கேக்க வந்தேன் அக்கா. எனக்குத் திக்கும். நானே சொல்லிடறேன், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்."

மாஸ்டர் தொண்டையில் அந்தக் கரகரப்பு கேட்டது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம். கவிழ்ந்து கிடந்த கருவியைக் காட்டினார். மிஷின் பொண்ணு எடுத்துக் கொடுத்தாள். வெகுநேரம் தட்டினார்.

"இவள் எனக்கும் இப்படித்தான் செய்கிறாள்" என்றது கருவி.

பிரேக்கம்மாவுக்குக் காது சுட்டது. எழுந்து சமையல் கட்டுக்குப் போனாள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எதற்குப் பற்ற வைத்தோம் என்று தெரியாமல் நின்றாள். ஓடி ஓடிச் செய்ததெல்லாம் இதற்குத்தானா என்று ஆற்றாமையாக இருந்தது. ஆனால் திரும்பி வந்தபோது, அந்தப் பெண் ஒரு சொல்லை முடிக்கும்வரை அவரும், அவர் ஓர் எழுத்தைத் தட்டும்வரை அவளும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் அவசரமே இல்லை. அவரை அப்படி யாரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். தன்னையும் சேர்த்துத்தான்.

மிஷின் பொண்ணு தானாகத் திருத்துவதை முதலில் நிறுத்தினாள். பிறகு, "இந்தக் கட்டத்தையெல்லாம் தூக்கிடலாம். சார் வீட்ல வழக்கமா என்ன பே... பேசுவாரு?" என்று கேட்டாள். மகள்தான் முதலில் ஆரம்பித்தாள். "'கழுதை'. 'எங்க கழுதை கிளம்பிருச்சு?'" மாஸ்டர் தலையசைத்தார். "'யாரு கேட்டா உன்ன?'" அதற்கும் தலையசைத்தார். பிரேக்கம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, "'அடி போடி'ன்னு ஒண்ணு உண்டு. தினம் பத்து தடவ" என்றாள். மிஷின் பொண்ணு சிரிக்காமல் அதையும் ஏற்றினாள். தண்ணீரும் நன்றியும் ஒரு மூலைக்குப் போயின.

குரல்தான் சிக்கல். அவர் குரலைப் பதிந்து வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. பிரேக்கம்மாவின் தம்பி, "நான் பேசித் தரேன்க்கா. மாமா பேசுறது எனக்கு அத்துப்படி" என்று முன்வந்தான். நன்றாகவே பேசிக்கொடுத்தான். மறுநாள் காலை கருவி தம்பியின் குரலில், "அடியே பிரேக்கு, இங்க வா" என்றது.

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "கூடப் பிறந்தவன் என்னை அடியேங்கறான். இது நல்லாவா இருக்கு?"

மாஸ்டர் மெதுவாகத் தட்டினார். "மச்சான் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து படுத்த மாதிரி இருக்கு. எடுத்துரு."

மறுபடி அந்த வானிலைக் குரலையே போட்டு, கொஞ்சம் தணித்து வைத்துக்கொண்டார்கள். அன்னியக் குரல்தான். ஆனால் சொல் அவருடையதாக இருந்ததால், நாளாக ஆகக் காது பழகிவிட்டது. மகள் கதவைத் திறந்து வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டிரைவிங் ஸ்கூல் ஆட்கள் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். கூடம் பழையபடி கலகலவென்றிருந்தது. புது மாஸ்டர் ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லித்தரப் போய், சுவரை இடித்த கதையை யாரோ சொன்னார்கள். மாஸ்டர் கண் மின்னியது. தட்ட ஆரம்பித்தார். விரல் அதற்குள் பாதி வலுவிழந்திருந்தது. அவர் தட்டிக்கொண்டிருக்கும்போதே பேச்சு எங்கெங்கோ போய், ஆபீஸ் பையனாக இருந்து கிளார்க் ஆனவரிடம் யாரோ அவர் அம்மாவைப் பற்றி விசாரித்தார்கள். "போன வாரம் தவறிட்டாங்க" என்றார் அவர். எல்லாரும் மௌனமானார்கள்.

"ரிவர்ஸ்ல போனாவது ஊர் போய்ச் சேர்ந்தா சரி" என்றது கருவி.

ஒருவரும் அசையவில்லை. கிளார்க், "பரவால்ல மாஸ்டர்" என்று இரண்டு தடவை சொன்னார். மாஸ்டர் முகம் கறுத்துச் சுருங்கிப்போனது. அவர்கள் போன பிறகும் சுவர்ப் பக்கம் திரும்பியே இருந்தார். பிரேக்கம்மா கருவியை அருகில் கொண்டுபோனால் கண்ணை மூடிக்கொண்டார். காலமெல்லாம் நேரம் பார்த்துப் பேசிய மனிதர். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மிஷின் பொண்ணு வந்து நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். "எனக்கும் நடக்கும் சார். நான் சொல்லி மு... முடிக்கறதுக்குள்ள வேற பேச்சு வந்துரும்" என்றாள். "நீங்க பேசப் போறீங்கன்னு முன்னாடியே தெரியற மாதிரி ஒரு சத்தம் வைக்கலாமா? 'ஒரு நிமிஷம்'னு சொல்ற மாதிரி?"

மாஸ்டர் யோசித்தார். "ஹாரன்" என்று தட்டினார்.

கார் ஹாரனையே வைத்தார்கள். கூடத்தில் அது அடித்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் வழிவிட வேண்டும். எல்லாரும் வழிவிட்டார்கள். ஆனால் இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த வேடிக்கைப் பேச்சும் எடுபடாது என்று மாஸ்டருக்கு விரைவிலேயே புரிந்துபோனது. வேடிக்கையை விட்டுவிட்டார். மகளின் படிப்பு, வீட்டுக்கூரை ஒழுக்கு, தன் குரலை எடுத்துவிட்டதில் மச்சானுக்கு வந்த கோபம் என்று சொல்ல வேண்டியவற்றுக்கு மட்டும் ஹாரன் அடித்தார். பிரேக்கம்மா இழந்த அந்த வாய் அவளுக்குத் திரும்பி வரவில்லை. வேறொரு மனிதர் வந்திருந்தார், குறைவாகப் பேசுகிறவர். அவரோடும் அவள் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டாள்.

கை முழுதும் விழுந்த பிறகு, கண் பார்வையால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கருவி வந்தது. வர வேண்டிய நேரத்தைத் தாண்டித்தான் வந்தது. கட்டில் பக்கத்தில் தாங்கி ஒன்றில் நின்றது. ஜன்னல் வெளிச்சம் பட்டால் வேலை செய்யாது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, அரை இருட்டில் இருவரும் பேசினார்கள்.

மூச்சு திணற ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கருவியும் கூடவே போனது. டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தில் சுவாசிக்க வைத்தால் இன்னும் சில வருஷங்கள்கூட இருக்கலாம் என்றார்.

"போட்டுருங்க டாக்டர்" என்றாள் அவள்.

"அவரையும் ஒரு வார்த்தை கேட்கணும்மா."

"அவரும் இதத்தான் சொல்வாரு. எனக்குத் தெரியும்."

டாக்டர் உள்ளே வந்தார். கட்டிலுக்குக் குறுக்கே அவளைப் பார்த்தபடியே என்ன செய்வார்கள், எத்தனை நாள் ஆகும், பிற்பாடு கண் அசைவும் போய்விடலாம் என்று விளக்கிக்கொண்டே போனார். ஹாரன் அடித்தது. டாக்டர் திடுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு, அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ அவளுக்கே தெரியாது, வாயை மூடிக்கொண்டாள். "அவரு பேசப் போறாரு, கொஞ்சம் இருங்க" என்றாள்.

கண் ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு வெட்கப்பட்டவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேணாம். முழுசா யோசிச்சுத்தான் சொல்றேன்."

"அவருக்குச் சரியாப் புரியல டாக்டர்" என்றாள் அவள்.

"புரியுது."

டாக்டர் இப்போது அவரைப் பார்த்துத்தான் பேசினார். திருப்பித் திருப்பி, வேறு வேறு விதமாகக் கேட்டார். பதில் மாறவில்லை. அவள் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தக் கருவிக்காக மையத்துக்கு எத்தனை நடை நடந்திருக்கிறாள். அவர் மறுபடி பேச வேண்டும் என்று தவமாய்த் தவமிருந்து, பேச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கொண்டு அவர் சொன்னது இது.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் சண்டை பிடித்தாள். "எனக்காகக் கொஞ்ச நாள் இருக்கக் கூடாதா? அவ படிச்சு முடிக்கற வரைக்குமாவது?" அவர் பதிலை ஆரம்பித்தார். முதல் சொல் திரையில் உருவாவதைப் பார்த்தாள். அடுத்தது என்ன வரும் என்று பயமாக இருந்தது. தாங்கியைப் பிடித்து அவர் பார்வைக்கு எட்டாமல் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

கூடத்துக்குப் போய்த் துணி மடித்தாள். உள்ளே சத்தமே இல்லை. எப்படி இருக்கும். தான் என்ன செய்துவிட்டு வந்தோம் என்பது ஒரு சட்டையை மடித்து முடிக்கும்போது அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய் தாங்கியை இழுத்து அவர் கண்ணுக்கு நேரே நிறுத்தினாள். "திட்டுங்க" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு கண் ஒரு கட்டத்தில் நின்றது.

"அடி போடி" என்றது கருவி.

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அன்று மாலை முழுக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பேசினார்கள். அவர் சொல்ல நினைத்ததைக் கடைசி எழுத்துவரை அவரே சொன்னார். அவள் இடையில் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலை, மகள் அவருக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டர் இறந்தார்.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு மிஷின் பொண்ணு கருவியை எடுத்துப்போக வந்தாள். அடுத்து ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். சாரின் கட்டங்களை அழிக்க வேண்டும் என்று சொல்லவே அவளுக்கு நாக்கு எழவில்லை, திக்கலால் அல்ல. "அழிச்சுரும்மா. அவரு பேச்சு அவரோட போகட்டும்" என்றாள் பிரேக்கம்மா. அந்த ஹாரன் யோசனையை மட்டும் மற்றவர்களுக்கும் வைக்கலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு டீச்சர் மணியடிக்கிற சத்தம் கேட்கிறாராம், ஒரு பாட்டுக்காரர் தாளம் கேட்கிறாராம். "வை" என்றாள் பிரேக்கம்மா.

தம்பிக்குத்தான் ஆறவில்லை. பத்து பேர் முன்னால், "அவரு ஆயிரம் சொல்லுவாரு. நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க மாமா இன்னிக்கு இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனவன், வீட்டுப் பக்கமே வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அவனுக்குச் சொல்ல அவளிடம் இருந்த பதிலை அவளே இன்னும் முழுதாக ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. சில நாட்கள் பைண்டிங் கடையில் ஊசியை வைத்துவிட்டு, மனதுக்குள் அவரோடு மறுபடி முதலிலிருந்து சண்டை போடுவாள்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போகிற அன்று பெட்டி தூக்க ஆளில்லாமல் நின்றபோது, தம்பி தானாக வந்தான். பேசாமல் பெட்டியைத் தூக்கினான். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அக்காவோடு திரும்பி வந்தவன், கூடத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏன் வேணாம்னாரு? உன்கிட்டயாவது சொன்னாராக்கா?"

"சொன்னாரு. பிற்பாடு கண்ணும் அசையாமப் போகலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அதுக்கப்புறம் மிஷின் மூச்சு விட்டுட்டே இருக்கும், உள்ள அவரு இருப்பாரு, வலிக்குதுன்னுகூடச் சொல்ல முடியாது. 'அப்ப நான் என்ன நினைக்கறேன்னு நீதான் சொல்லிட்டிருப்ப. நான் அதையும் கேட்டுட்டுக் கிடக்கணும். அது முடியாது பிரேக்கு'ன்னாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான் தம்பி.

"நீ அவரைக் கேக்கவே இல்லையேடா."

அவன் தோள் குலுங்கியது. அவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட இருவருக்கும் தோன்றவில்லை.